13-வது குண்டு

திருத்தணியில் சூரசம்ஹாரம் கிடையாது.

மற்ற முருகன் கோவில்களில் கந்த சஷ்டி என்றால் சூரன் வருவான், வேல் பாயும், கூட்டம் ஆரவாரம் செய்யும். திருத்தணியில் அன்று சாமிக்குப் பூவை அள்ளி அள்ளிப் போடுகிறார்கள். அவ்வளவுதான்.

சண்டை முடிந்து முருகனின் கோபம் தணிந்த மலை அது என்பது ஐதீகம். தணிந்ததால் தணிகை. அதனால்தான் அங்கே போர்க் காட்சி இல்லை. 365 படிகள் ஏறிப் போகிற பக்தர்களுக்கு இந்தக் கதை தெரியும். படியில் உட்கார்ந்து இளைப்பாறும்போது பாட்டிகள் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைதான் இது.

ஆயுதத்தை எடுத்தவன் எங்கே நிறுத்த வேண்டும்?

இந்தக் கேள்வியை அமெரிக்கா இன்று கோர்ட்டு கோர்ட்டாகக் கேட்டுக் கொண்டிருக்கிறது. அங்கே கேள்வி ஓர் எண்ணிக்கையில் வந்து நிற்கிறது. ஒரு துப்பாக்கியில் ஒரே தடவையில் எத்தனை குண்டுகள் போடலாம்? 10-ஆ? 15-ஆ? 30-ஆ? அல்லது கணக்கே வேண்டாமா?

அமெரிக்கச் சண்டைக்கும் திருத்தணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அங்கே நடக்கும் தகராறில் பாதி, துப்பாக்கியைப் பற்றியது. மீதிப் பாதி, எல்லைக்கோட்டைப் பற்றியது. எல்லைக்கோடு என்றால் என்ன என்று திருத்தணிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியது இல்லை.

குண்டு நிரப்பும் நேரம்

முதலில் துப்பாக்கி எப்படிச் சுடுகிறது என்று தெரிய வேண்டும்.

ஒரு காலத்தில் நரிக்குறவர்கள் தோளில் நீளமான நாட்டுத் துப்பாக்கி தொங்கும். கொக்கு, காடை சுடப் போவார்கள். (1972-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்து, அந்த வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.) அந்தத் துப்பாக்கியின் வாய் வழியாக வெடிமருந்தைக் கொட்ட வேண்டும். மேலே ரவையைப் போட வேண்டும். கம்பியால் கெட்டிக்க வேண்டும். பிறகு கேப்பு வைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சுடலாம். சுட்டது ஒரு குண்டு. மறுபடியும் முதலில் இருந்து தொடங்க வேண்டும். அதற்குள் மற்ற கொக்குகள் ஏரி தாண்டிப் போயிருக்கும்.

பாங்கு வாசலில் காவல் இருக்கிறவர் கையில் இருப்பது பெரும்பாலும் இரட்டைக் குழல் துப்பாக்கி. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவராக இருப்பார்.

"ஏன் அண்ணே, இதிலே எத்தனை குண்டு இருக்கும்?" என்று கேட்டால், "குழலுக்கு ஒண்ணு தம்பி, மொத்தம் ரெண்டு. ரெண்டையும் சுட்டுட்டா திறந்து மறுபடி போடணும்" என்பார்.

சுழல் துப்பாக்கியில் பொதுவாக 6 குண்டுகள். கான்பூர் தொழிற்சாலையில் செய்து, பெண்களுக்காக என்று 2014-ல் விற்பனைக்கு வந்த 'நிர்பீக்' துப்பாக்கிக்கும் 6 தான். (விலை ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்! வேலைக்குப் போய் இரவில் பஸ் ஏறும் பெண்ணுக்கு அது எட்டுகிற விலையா என்பதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.)

அடுத்தது மேகசின். வாரப் பத்திரிகைக்கும் இதே பெயர்தான். துப்பாக்கிக்காரர்கள் சொல்லும் மேகசின் வேறு. அது ஒரு சிறிய தகரக் கூடு. அதற்குள் குண்டுகளை வரிசையாக அடுக்கி, அடியில் ஒரு ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். கூட்டைத் துப்பாக்கியில் சொருகினால் ஒரு குண்டு போனதும் அடுத்த குண்டு தானாக மேலே வந்து நிற்கும். விரலை அழுத்த அழுத்தச் சுட்டுக் கொண்டே இருக்கலாம். கூடு காலியானால் அதைக் கழற்றிவிட்டு வேறு கூட்டைச் சொருக வேண்டும்.

கழற்றிச் சொருகும் அந்தச் சில நொடிகள்தான் அமெரிக்காவில் சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்திருக்கின்றன.

டூசான் நகரில் நடந்தது

2011-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி. அரிசோனா ராஜ்யத்தில் டூசான் என்ற ஊர். ஒரு பெரிய மளிகைக் கடை வாசலில் காபிரியேல் கிப்போர்ட்ஸ் என்ற பெண் பார்லிமெண்டு அங்கத்தினர் மேசை போட்டு உட்கார்ந்து ஜனங்களின் குறைகளைக் கேட்டுக் கொண்டிருந்தார். நம் ஊரில் மனு வாங்குவது போல.

9 வயதுச் சிறுமி ஒருத்தி பெரியவர்களோடு வந்திருந்தாள். பார்லிமெண்டு அங்கத்தினர் எப்படி இருப்பார் என்று நேரில் பார்க்க ஆசைப்பட்டு வந்தவள்.

கூட்டத்தில் ஒருவன் கைத்துப்பாக்கியை எடுத்தான். அதில் 33 குண்டுகள் கொள்ளும் மேகசின் இருந்தது. முதல் குண்டு கிப்போர்ட்ஸ் தலையில் பாய்ந்தது. (அவர் பிழைத்தார். பேச்சும் நடையும் திரும்பக் கிடைக்க வெகு காலம் ஆயிற்று.) அவன் நிறுத்தவில்லை. 33 குண்டுகளும் தீரும் வரை சுட்டான். கால் நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. 6 பேர் இறந்தார்கள். அந்தச் சிறுமியும் இறந்தாள்.

காலிக் கூட்டைக் கழற்றிவிட்டு அடுத்ததை எடுத்தான். அப்போது கீழே விழுந்து கிடந்த ஒரு பெண்மணி கையை நீட்டி அந்தக் கூட்டைப் பறித்துக் கொண்டார். பக்கத்தில் இருந்த ஆண்கள் அவன் மேல் பாய்ந்து அமுக்கினார்கள். 60 வயது தாண்டிய ஒரு பெண்ணுக்கு வேண்டியிருந்தது சில நொடி அவகாசம். அது கிடைத்ததும் அவர் தம் வேலையைச் செய்துவிட்டார்.

கிப்போர்ட்சின் கணவர் மார்க் கெல்லி விண்வெளி வீரர். பின்னர் இவரே செனட்டரும் ஆனார். 2013-ம் ஆண்டு ஜனவரியில் அவர் அமெரிக்க செனட் கமிட்டி முன்னால் சாட்சி சொன்னார். அந்தச் சிறுமியின் மேல் பாய்ந்தது 13-வது குண்டு என்றார். மேகசினில் 10 குண்டுகள் மட்டுமே இருந்திருந்தால்? அவன் 10-வது குண்டோடு நின்று, கூட்டை மாற்ற வேண்டி வந்திருக்கும். அந்த இடைவெளியில் கூட்டம் பாய்ந்திருக்கும்.

10 குண்டுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்கள் அமெரிக்கா முழுவதும் ஒரு சமயம் தடை செய்யப்பட்டிருந்தன. 1994-ல் வந்த அந்தச் சட்டத்துக்கு 10 வருஷம் ஆயுள் என்று எழுதி வைத்தார்கள். 2004-ம் ஆண்டு செப்டம்பரில் ஆயுள் முடிந்தது. புதுப்பிக்கவில்லை. பால் பாக்கெட்டுக்குத் தேதி போடுவது போல ஒரு பாதுகாப்புச் சட்டத்துக்குத் தேதி போட்டது விசித்திரம்தான்.

ஆளுக்கு ஒரு கணக்கு

மத்திய சட்டம் போனதும் ஒவ்வொரு ராஜ்யமும் தன் இஷ்டப்படி சட்டம் போட்டது. அல்லது போடாமல் விட்டது.

கலிபோர்னியாவில் 10 என்ற கணக்கு 2000-ம் ஆண்டு முதல் இருக்கிறது. கொலராடோவில் 15. இது 2013-ல் வந்தது. அதற்கு முந்தைய வருஷம் அங்கே ஒரு சினிமாக் கொட்டகையில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். கனெக்டிகட் ராஜ்யத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டது 2012-ம் ஆண்டு டிசம்பர். அடுத்த ஏப்ரலில் 10 என்ற வரம்பு வந்துவிட்டது. வாஷிங்டன் ராஜ்யம் 2022-ல் போட்டது. அரிசோனாவில் வரம்பே இல்லை.

கலிபோர்னியாவுக்கும் அரிசோனாவுக்கும் நடுவே ஓடுவது ஓர் ஆறு. ஆற்றின் இந்தக் கரையில் குற்றம். அந்தக் கரையில் கடையில் விற்கும் சாமான்.

2019-ம் ஆண்டு ஜூலை மாதம். கலிபோர்னியாவில் கில்ராய் என்ற ஊர். பூண்டு விளையும் ஊர். வருஷா வருஷம் பூண்டுத் திருவிழா நடக்கும். அங்கே ஒருவன் வேலியை வெட்டி உள்ளே புகுந்து சுட்டான். 3 பேர் இறந்தார்கள். அதில் ஒருவன் 6 வயதுப் பையன். கொலைகாரன் வைத்திருந்த துப்பாக்கி கலிபோர்னியாவில் விற்கக் கூடாத ரகம். அவன் அதை எங்கே வாங்கினான்? பக்கத்து ராஜ்யமான நெவாடாவில். கடையில் போய், பணம் கொடுத்து, சட்டப்படி வாங்கினான்!

கலிபோர்னியா கதவைச் சாத்தியது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் சுவர் இல்லை.

எதிர்க்கட்சியின் வாதம்

எதிர்ப்பவர்கள் எல்லாரும் ஈவு இரக்கம் இல்லாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

"நான் காட்டோரம் தனி வீட்டில் இருக்கிறேன். போலீசுக்குப் போன் செய்தால் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். ராத்திரி மூன்று திருடர்கள் வந்தால் நான் குண்டை எண்ணிக் கொண்டு இருக்க வேண்டுமா? திருடன் சட்டத்தைப் படித்துவிட்டா வருகிறான்? அவன் 30 குண்டோடு வருவான். நான் மட்டும் 10 குண்டோடு நிற்க வேண்டுமா?" இது ஒரு வாதம்.

இன்னொரு வாதம்: பழகிய கை 2 நொடியில் மேகசினை மாற்றிவிடும், வரம்பு போட்டு என்ன பயன்? இதற்கு அவர்கள் காட்டும் உதாரணம் பயங்கரமானது. 2007-ல் வர்ஜீனியாவில் ஒரு கல்லூரியில் 32 பேரைக் கொன்றவன் 10 குண்டு, 15 குண்டு மேகசின்களைத்தான் வைத்திருந்தான். மாற்றி மாற்றிச் சுட்டான்.

உண்மைதான். 10 என்று எழுதிவிட்டால் கொலை நின்றுவிடாது. ஆனால் வர்ஜீனியாவில் பலர் வாசல் பூட்டிய கட்டடத்துக்குள், வகுப்பறைகளில் மாட்டிக் கொண்டவர்கள். டூசானில் நடந்தது திறந்த வெளியில். ஓட இடமும், பாய ஆளும் இருந்த இடத்தில், நொடிகளுக்கு விலை இருந்தது. எந்த ஊரில், எந்த அறையில் நடக்கும் என்று முன்கூட்டித் தெரியாதபோது, அந்த நொடிகளை ஏன் விட்டுக் கொடுக்க வேண்டும்?

திருடன் வாதத்துக்கு வருவோம். வீட்டுக்குள் வரும் திருடனைப் பார்த்து வீட்டுக்காரர் 30 குண்டு சுடுவது நடக்கிற காரியமா? முதல் சத்தத்துக்கே ஓடுகிறவன்தான் திருடன். 30 குண்டு தேவைப்படுகிறவன் கூட்டத்தைத் தேடிப் போகிறவன்.

கடைசி வாதம் உரிமை. ஆயுதம் வைத்துக் கொள்ளும் உரிமையை அமெரிக்க அரசியல் சட்டம் 1791-லேயே எழுதி வைத்துவிட்டது. அதை வைத்துத்தான் வழக்குகள். கலிபோர்னியா சட்டம் செல்லாது என்று 2019-ல் ஒரு ஜட்ஜு தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பு நிறுத்தி வைக்கப்படுவதற்குள் ஒரு வாரம் கிடைத்தது. அந்த ஒரு வாரத்தில் ஜனங்கள் பெரிய மேகசின்களை வாங்கிக் குவித்தார்கள்! வழக்கு மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது. 2025-ம் ஆண்டு மார்ச்சு மாதம் அப்பீல் கோர்ட்டில் 11 ஜட்ஜுகள் தீர்ப்புச் சொன்னார்கள். சட்டம் செல்லும் என்றவர்கள் 7 பேர். செல்லாது என்றவர்கள் 4 பேர். பெரிய மேகசின் என்பது ஆயுதமே அல்ல, ஆயுதத்தோடு சேர்ந்த உபகரணம் என்று பெரும்பான்மை ஜட்ஜுகள் சொன்னார்கள். 33 குண்டு வாங்கிய குடும்பங்களுக்கு இந்த வித்தியாசம் புரியுமா என்பது சந்தேகம்தான். ஆனாலும் முடிவு சரியான முடிவு.

திருத்தணியின் எல்லை

1960-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி ஒரு ராஜ்யத்தில் இருந்து இன்னொரு ராஜ்யத்துக்கு வந்தது.

அதற்கு முன்னால் அது ஆந்திராவில் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. வடக்கு எல்லைக்காக ம.பொ.சிவஞானம் போராடினார். பலர் ஜெயிலுக்குப் போனார்கள். படாஸ்கர் மத்தியஸ்தம் செய்தார். 1959-ல் பார்லிமெண்டில் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறியது. அதன்படி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்கு வந்து செங்கற்பட்டு ஜில்லாவோடு சேர்ந்தது. (இப்போது திருவள்ளூர் ஜில்லா. ராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் என்ற பெருமையும் கூடவே வந்தது!)

அந்த நாளில் என்னென்ன மாறியது? கலெக்டர் மாறினார். ஆபீசு போர்டு எழுத்து மாறியது. மனு எழுதும் பாஷை மாறியது. வரி கட்டும் இடம் மாறியது.

மலை அங்கேயேதான் இருந்தது. அதேபோல மாறாமல் இருந்தது இன்னொன்று. துப்பாக்கிச் சட்டம்.

எந்தெந்த விஷயத்தில் டெல்லி சட்டம் செய்யலாம், எதில் ராஜ்யங்கள் செய்யலாம் என்று நம் அரசியல் சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. டெல்லிக்கு உரிய பட்டியலில் 5-வதாக வருவது ஆயுதம், துப்பாக்கி, தோட்டா, வெடிமருந்து. திருத்தணி சித்தூரில் இருந்தாலும் செங்கற்பட்டில் இருந்தாலும் லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது ஒரே குற்றம்தான்.

இதன் அருமை எப்போது தெரியும்? இரண்டு பக்கமும் சட்டம் வேறு வேறாக இருக்கும் சாமான்களைப் பார்த்தால் தெரியும்.

ரேஷன் அரிசியை எடுத்துக் கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2011-ம் ஆண்டு முதல் ரேஷன் அரிசி இலவசம். எல்லைக்கு அந்தப் பக்கம் அதற்கு விலை கிடைக்கும். விளைவு? திருத்தணி வழியாகப் போகும் ரெயில்களில் சீட்டுக்கு அடியில் சின்னச் சின்ன மூட்டைகள். கேட்பாரற்றுக் கிடக்கும் மூட்டை! போலீசார் பிடிப்பதும், பறிமுதல் செய்வதும், அடுத்த வாரம் மறுபடி மூட்டை கிடப்பதும் பத்திரிகை படிக்கிற எல்லாரும் அறிந்த செய்தி.

மதுவும் அப்படித்தான். 1995-ல் ஆந்திராவில் முழு மதுவிலக்கு வந்தது. 1997-ல் தளர்த்தினார்கள். ஒரு பக்கம் கடை மூடி, மறு பக்கம் கடை திறந்திருந்தால் கால்கள் எந்தப் பக்கம் நடக்கும் என்று சொல்ல வேண்டியது இல்லை.

அரிசி மூட்டை எல்லை தாண்டினால் சர்க்காருக்கு நஷ்டம். 75 குண்டு மேகசின் எல்லை தாண்டினால் யாருக்கு நஷ்டம் என்று பூண்டுத் திருவிழாவுக்குக் குழந்தையை அழைத்துப் போன தாய் தகப்பன்மாரைத்தான் கேட்க வேண்டும்.

நம் வீட்டிலும் சண்டை நடந்தது

இந்த விஷயத்தில் நம் நாட்டில் சண்டையே இல்லை என்று நினைக்க வேண்டாம்.

வெள்ளைக்காரன் 1878-ல் ஆயுதச் சட்டம் போட்டான். இந்தியனுக்கு லைசென்சு வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம் என்பது சட்டம்! அந்த அவமானம் நெஞ்சில் இருந்ததால், 1931-ல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை என்று தீர்மானம் போட்டது.

சுதந்திரம் வந்தது. 1948-ம் ஆண்டு டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் எழுந்து, அந்த உரிமையை அரசியல் சட்டத்தில் எழுத வேண்டும் என்று திருத்தம் கொண்டு வந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. திருத்தம் தோற்றது. பிரிவினைக் கலவரத்தின் ரத்தம் காயாத சமயம் அது. அரசியல் சட்டத்தில் ஜனங்களின் உரிமைகளைச் சொல்லும் இடத்தில் ஆயுதம் என்ற வார்த்தை இருக்கிறது. எப்படி? அமைதியாக, 'ஆயுதம் இல்லாமல்' கூடும் உரிமை என்று!

1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்தது. அமெரிக்காவில் இன்று அடித்துக் கொள்ளும் மேகசின் அந்தச் சட்டத்திலேயே வருகிறது. விசையை அழுத்திப் பிடித்தால், விரலை எடுக்கும் வரை அல்லது மேகசின் காலியாகும் வரை குண்டுகள் தொடர்ந்து பாயும் துப்பாக்கி எதுவோ, அது தடை செய்யப்பட்ட ஆயுதம். மத்திய சர்க்காரின் தனி அனுமதி இல்லாமல் யாரும் தொடக் கூடாது. மற்ற துப்பாக்கிகளுக்குக் கலெக்டரிடம் லைசென்சு கேட்கலாம். எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதையும் லைசென்சிலேயே எழுதிவிடுவார்கள்.

1983-ல் ஒரு திருத்தம் வந்தது. ஒருவர் 3 துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. 2019-ல் அதை 1 ஆக்க மசோதா வந்தது. ஒரே கூச்சல்! "தாத்தா வைத்திருந்த துப்பாக்கி, பரம்பரைச் சொத்து, எப்படிக் கொடுப்பது?" என்று வடக்கே பல குடும்பங்கள் கேட்டன. கடைசியில் 2 என்று முடிந்தது. துப்பாக்கி சுடும் போட்டி வீரர்களுக்கு விலக்கு உண்டு. கல்யாண ஊர்வலத்தில் ஆனந்தமாக வானத்தைப் பார்த்துச் சுடுகிறவர்களுக்கு 2 வருஷம் வரை ஜெயில் என்பதும் இந்தச் சட்டத்தில்தான் வந்தது. மேலே போன குண்டு மேலேயே தங்கிவிடாது என்பது சில சம்பந்திகளுக்குச் சட்டம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் ஓட்டை இல்லாத குடம் அல்ல. பீகாரில் முங்கேர் பக்கம் குடிசைக்குள் கள்ளத் துப்பாக்கி தயாராகிறது. லைசென்சு வாங்கியவரை வரிசையில் நிற்க வைத்துவிட்டு, வாங்காதவனைக் கோட்டை விடுகிறோம் என்ற குறையும் நியாயமானதுதான்.

இன்னொரு குறை விவசாயியுடையது. நிலக்கடலையும் கரும்பும் போட்டவர் ராத்திரி முழுதும் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கிறார். லைசென்சு கேட்டால் ஆபீசு ஆபீசாக அலைய வேண்டும். கிடைத்தாலும், தேர்தல் வந்தால் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். பன்றிக்குத் தேர்தல் உண்டா? 2025-ம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாடு சர்க்கார், காட்டில் இருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வன இலாகாவினரே சுடலாம் என்று அறிவித்தது. விவசாயி கேட்டது துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்பது. அவருக்கு 30 குண்டு மேகசின் தேவைப்படவே இல்லை.

12 நாளில் முடித்தவர்கள்

ராஜ்யத்துக்கு ராஜ்யம் சட்டம் வேறாக இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது என்று அமெரிக்கர்கள் கையை விரிக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் ராஜ்யத்துக்கு ஒரு சட்டம்தான் இருந்தது.

1996-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி டாஸ்மேனியா தீவில் போர்ட் ஆர்தர் என்ற இடத்தில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். 12-வது நாள், மே 10-ந் தேதி, எல்லா ராஜ்யங்களின் போலீஸ் மந்திரிகளும் ஓர் அறையில் உட்கார்ந்து ஒரே விதிக்கு ஒப்புக் கொண்டார்கள். வேகமாகச் சுடும் ரகங்களைத் தடுத்தார்கள். 6 லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைச் சர்க்காரே பணம் கொடுத்து வாங்கி உடைத்துப் போட்டது.

அத்தோடு எல்லாம் சுபமாக முடிந்துவிடவில்லை. 2025-ம் ஆண்டு டிசம்பரில் சிட்னியின் பாண்டை கடற்கரையில் யூதர்களின் பண்டிகைக் கூட்டத்தில் தகப்பனும் மகனும் சுட்டு 15 பேர் இறந்தார்கள். தகப்பனிடம் லைசென்சு பெற்ற துப்பாக்கிகள் 6 இருந்தன. ஒருவருக்கு ஏன் 6 என்ற கேள்வி உடனே எழுந்தது. எண்ணிக்கைக்கு வரம்பு போட ஆரம்பித்தார்கள். விட்ட இடத்தைப் பார்த்து அடைக்கிறார்கள். அமெரிக்காவிலோ, அடைத்த இடத்தையே திறக்க வழக்குப் போடுகிறார்கள்.

திருத்தணியில் இருந்து ரெயிலில் வடக்கே போனால் பொன்பாடி வரும். அதைத் தாண்டினால் ஆந்திரா. அடுத்து வருவது வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. இந்திய ரெயில்வேயில் மிக நீளமான பெயர் கொண்ட ஸ்டேஷன்களில் ஒன்று. பெயரைப் படித்து முடிப்பதற்குள் ரெயில் புறப்பட்டுவிடும் என்று பிள்ளைகள் கேலி செய்யலாம்.

அந்த எல்லையில் துப்பாக்கிச் சட்டம் மாறுவது இல்லை. ஆனால் லைசென்சு நின்றுவிடும். எந்த எல்லை வரை செல்லும் என்று லைசென்சில் எழுதியிருப்பார்கள். நாடு முழுவதும் செல்லும் என்று வாங்கியிருந்தால் போகலாம். 'தமிழ்நாடு' என்று மட்டும் எழுதியிருந்தால், நகரியில் நடக்கும் கல்யாணத்துக்குத் திருத்தணிக்காரர் துப்பாக்கியை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.